மணிக் கணக்கும் கிரெடிட் கணக்கும்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் வந்து பத்து நாளாகிவிட்டது, தாமதத்துக்கு மன்னியுங்கள். உங்களுக்கு மட்டும் தனியாகப் பதில் போட்டிருக்கலாம். ஆனால் இதே கேள்வியோடு டென்னசியிலிருந்து என்னிடம் வந்த முதல் பெற்றோர் நீங்கள் இல்லை. அதனால், நீங்கள் சம்மதம் தந்தபடி, ஊரையும் பேரையும் விட்டுவிட்டு எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

மற்றவர்களுக்காக உங்கள் வீட்டுக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மகன் ஹைஸ்கூல் கடைசி வருஷம். போன ஜூலையில் வீட்டு ஹீட் பம்ப் நின்றுபோனது. மெக்கானிக் வர நாலு நாள் ஆகும் என்றார்கள். பையன் மெயின் சுவிட்சை அணைத்து, வெளியே இருக்கும் பெட்டியைத் திறந்து, கெப்பாசிட்டர் உப்பிப் போயிருப்பதைக் கண்டுபிடித்து, அதில் தேங்கியிருந்த மின்சாரத்தை முறைப்படி இறக்கிவிட்டு, புதியதை வாங்கி மாட்டிவிட்டான். சாயங்காலத்துக்குள் வீடு குளிர்ந்துவிட்டது. அன்றிலிருந்து அவன் டெக்னிக்கல் காலேஜில் ஏ.சி., ஹீட்டர் வேலை படிக்கப் போகிறேன் என்கிறான். உங்கள் வீட்டுக்காரர் கம்யூனிட்டி காலேஜில் இரண்டு வருஷம், பிறகு யூனிவர்சிட்டிக்கு மாறி மெக்கானிக்கல் இன்ஜினியரிங் என்கிறார். நீங்கள் நடுவில் நிற்கிறீர்கள். கடிதத்தின் கடைசி வரியில் ஒன்று எழுதியிருந்தீர்கள்: "ஊரில் கேட்டால், அமெரிக்கா போயும் ஐ.டி.ஐ.தானா என்பார்களே அண்ணா."

அந்த வரியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்றதெல்லாம் விசாரித்துத் தெரிந்துகொள்ளக்கூடிய விஷயங்கள். இது நெஞ்சுக்குள் கிடப்பது.

என் தாய்மாமா கிண்டி ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தவர். பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தார். என் அம்மாவின் கல்யாணம், என் படிப்பு, பாட்டியின் கண் ஆபரேஷன் எல்லாம் அவர் சம்பளத்தில் நடந்தவை. ஆனால் கல்யாண வீடுகளில் அவரை அறிமுகப்படுத்தும்போது "ரயில்வேல இருக்கார்" என்றுதான் சொல்வோம். ஃபிட்டர் என்ற சொல் எங்கள் யார் வாயிலும் வந்ததில்லை, அவர் வாயிலும்தான். ஒரு முறை, ஒரு பெட்டியின் கதவு சரியாக உட்காருகிறதா என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை வைத்தே சொல்லிவிடலாம் என்று எனக்கு மட்டும் ரகசியம்போலச் சொன்னார். அவ்வளவு பெரிய திறமையை அவர் ரகசியமாகச் சொல்ல வேண்டியிருந்ததே என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு. மார்க் குறைந்தவன் போகும் இடம் என்று ஒரு படிப்பை நாம் முடிவுகட்டி வைத்ததால் வந்தது அது. அந்த முடிவை விமானத்தில் ஏற்றி இங்கேயும் கொண்டுவந்துவிட்டோம்.

இங்கே நிலைமை வேறு என்பதை நான் கண்ணால் பார்க்கிறேன். பத்தொன்பது வருஷமாக இந்த டென்னசி மாநிலத்தில் ஒரு கம்யூனிட்டி காலேஜில் மாலை வகுப்புகளில் கணக்கு சொல்லித் தருகிறேன். என் வகுப்பில் பதினெட்டு வயதுப் பெண்ணுக்குப் பக்கத்தில், இரண்டு பிள்ளை பெற்ற முப்பத்தெட்டு வயது வெல்டர் உட்கார்ந்திருப்பார். டெக்னிக்கல் காலேஜ் முடித்து, பத்து வருஷம் வேலை பார்த்து, இப்போது சூப்பர்வைசர் பதவிக்காகப் படிக்க வந்தவர். அவரை யாரும் ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்பதில்லை. நம் ஊரில் பதினேழு வயதில் எடுக்கும் முடிவு ஆயுள் முடிவு. இங்கே கதவுகள் கொஞ்சம் தாராளமாகத் திறந்து மூடுகின்றன. ஆனால் எல்லாக் கதவும் எல்லாப் பக்கமும் திறக்காது. எது எந்தப் பக்கம் திறக்கும் என்பதைத்தான் நீங்கள் இப்போதே தெரிந்துகொள்ள வேண்டும்.

டென்னசியில் இரண்டும் அரசுக் கல்லூரிகள். ஒரே ரீஜென்ட்ஸ் வாரியத்தின் கீழ் 13 கம்யூனிட்டி காலேஜ்களும், இருபதுக்கும் மேற்பட்ட அப்ளைடு டெக்னாலஜி காலேஜ்களும் இருக்கின்றன. இரண்டாவதை இங்கே எல்லோரும் "டீகேட்" என்றுதான் சொல்வார்கள். 2013 வரை அவற்றுக்கு டெக்னாலஜி சென்டர் என்று பெயர், பிறகுதான் காலேஜ் ஆயின. சட்டனூகாவில் இரண்டும் ஒரே வளாகத்துக்குள்ளேயே இருக்கின்றன. வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. உள்ளே போனால் நேரத்தை எண்ணும் முறையே வேறு.

டீகேட்டில் எண்ணுவது மணியை. முழுநேர மாணவன் திங்கள் முதல் வெள்ளி வரை, வாரத்துக்கு 30 மணி நேரம், வேலைக்குப் போவது மாதிரி போக வேண்டும். வருஷம் மூன்று பருவம், ஒவ்வொன்றும் 432 மணி. ஒரு வருஷத்தில் 1,296 மணி. பெரும்பாலான பெரிய தொழில்களுக்கு ஒரு வருஷத்திலிருந்து இரண்டு வருஷத்துக்குள் டிப்ளமா கைக்கு வந்துவிடும். இங்கிலீஷ் இலக்கியம், வரலாறு, சமூகவியல் என்று தனித்தனிப் பாடங்கள் கிடையாது. தொழிலுக்கு வேண்டிய கணக்கும் படிப்பும் அந்தப் பட்டறைக்குள்ளேயே வந்துவிடும். மதிப்பெண்ணும் மூன்று வகையாகப் பிரியும்: கைவேலைக்கு ஒன்று, பாடத்துக்கு ஒன்று, வேலைக்காரனுக்குரிய நடத்தைக்கு ஒன்று. அந்த மூன்றாவதில் நேரத்துக்கு வருவது, கருவியைத் துடைத்து வைப்பது, கூட நிற்பவனோடு ஒத்துப்போவது எல்லாம் அடங்கும். நான் ஒரு முறை காலை ஏழே முக்காலுக்கு ஒரு ஏ.சி. பட்டறை வாசலில் நின்றேன். மாணவர்கள் வருகைப் பதிவு செய்துகொண்டு உள்ளே போனார்கள். எட்டு மணிக்கு ஒவ்வொருவரும் ஒரு யூனிட்டின் முன்னால். ஆசிரியர் முதல் நாள் மாலை ஒவ்வொரு யூனிட்டிலும் ஏதோ ஒரு கோளாறைப் புகுத்திவிட்டுப் போயிருந்தார். ஒன்றில் கம்பி கழன்றிருந்தது, ஒன்றில் ரிலே செத்திருந்தது, ஒன்றில் வாயு குறைவு. கண்டுபிடி என்பதுதான் அன்றைய பாடம். என் கணக்கு வகுப்பில் இருபது நிமிஷத்தில் செல்போனைத் தொட ஆரம்பிக்கும் வயதுப் பையன்கள், அங்கே ஒன்றரை மணி நேரம் குனிந்த தலை நிமிரவில்லை. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

உங்கள் மகன் சொல்லும் தொழிலைப் பற்றி இன்னும் இரண்டு வார்த்தை. குளிரூட்டும் வாயுவைக் கையாள்பவர்களுக்கு மத்திய அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் 608 சான்றிதழ் கட்டாயம். இந்த வாயு விஷயமே இப்போது மாறிக்கொண்டிருக்கிறது. இவ்வளவு நாள் வீடுகளில் ஓடிய 410ஏ வாயு, 2025 ஜனவரி முதல் புதிய வீட்டு யூனிட்டுகளில் விலக்கப்பட்டு, ஆர்-32, ஆர்-454பி என்ற வகைகள் வருகின்றன. இவை மெல்லத் தீப்பற்றக்கூடியவை, அதனால் கையாளும் முறையும் வேறு. பழைய ஆட்கள் திரும்பப் படிக்க வேண்டிய நேரத்தில் உங்கள் பையன் புதிதாகப் படித்துக்கொண்டு வருவான். தொழிலாளர் புள்ளியியல் துறையின் 2024 கணக்குப்படி இந்த வேலையில் இருப்பவர்களின் நடுத்தர ஆண்டுச் சம்பளம் ஏறத்தாழ 60,000 டாலர். ஆரம்பத்தில் அதைவிடக் குறைவாகத்தான் வரும். கோடையில் மாடிப் பரண்களுக்குள் தவழ்ந்து போக வேண்டும், நடுராத்திரி போன் வரும், நாற்பத்தைந்து வயதில் முழங்கால் வலிக்கும். இதையும் அவனுக்குச் சொல்லுங்கள். மறைத்தால் பிறகு உங்களைத்தான் கேட்பான்.

கம்யூனிட்டி காலேஜ் எண்ணுவது கிரெடிட்டை. ஏறத்தாழ 60 கிரெடிட் சேர்ந்தால் அசோசியேட் பட்டம். இல்லினாயில் ஜோலியட் நகரத்தில் 1901-இல் ஆறே மாணவர்களோடு ஆரம்பித்த கல்லூரிதான் இன்றும் நடக்கும் அரசுக் கம்யூனிட்டி காலேஜ்களில் மூத்தது. சிகாகோ பல்கலைக்கழகத் தலைவராக இருந்த வில்லியம் ரெய்னி ஹார்ப்பரும் ஜோலியட் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவரும் பேசி உண்டாக்கியது. பிள்ளைகள் ஊரைவிட்டுப் போகாமலே பட்டப்படிப்பின் முதல் இரண்டு வருஷத்தை முடிக்க வேண்டும் என்பதே எண்ணம். அந்தப் பிறவிக் குணம் இன்னும் போகவில்லை. இந்தக் கல்லூரி எப்போதும் இன்னொரு கல்லூரியைப் பார்த்தே நிற்கிறது. உங்கள் வீட்டுக்காரர் சொல்வது சரியான பாதைதான். நான் சோறு தின்பதும் அந்தப் பாதையில்தான். ஆனால் அது எங்கே வழுக்கும் என்பதை உள்ளே இருப்பவனாகச் சொல்ல வேண்டும்.

முதலாவது, பட்டத்தின் பெயர். ஒரே கல்லூரியில் அசோசியேட் ஆஃப் சயன்ஸ் என்றும் அசோசியேட் ஆஃப் அப்ளைடு சயன்ஸ் என்றும் இரண்டு இருக்கும். காதில் விழும்போது ஒரு சொல்தான் கூடுதல். முதலாவது யூனிவர்சிட்டிக்கு மாறுவதற்காக அமைந்தது. இரண்டாவது நேராக வேலைக்குப் போவதற்கு, அதன் கிரெடிட்டுகள் பெரும்பாலும் யூனிவர்சிட்டியில் செல்லாது. இது தெரியாமல் இரண்டு வருஷம் படித்துவிட்டு, மூன்றாம் வருஷ வாசலில் அழுத பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். டென்னசியில் 2010 சட்டத்துக்குப் பிறகு ட்ரான்ஸ்ஃபர் பாத்வே என்று பாதைகளை வகுத்து வைத்திருக்கிறார்கள். அந்தப் பாதையில் அசோசியேட் பட்டம் முடித்தால், மாநில அரசு யூனிவர்சிட்டியில் மூன்றாம் வருஷ மாணவனாக எல்லா கிரெடிட்டோடும் உட்காரலாம். மெக்கானிக்கல் இன்ஜினியரிங்குக்கும் பாதை உண்டு. சேரும் நாளிலேயே அட்வைசரிடம் "இந்தப் பாதையில்தான் என்னைப் பதிவு செய்யுங்கள்" என்று சொல்லி, அந்தத் தாளை வாங்கி வீட்டில் ஒட்டி வைக்க வேண்டும்.

இரண்டாவது, கணக்கு. இதை அழுத்திச் சொல்கிறேன். இன்ஜினியரிங்குக்கு வேண்டிய கணக்குப் பாடங்கள் ஏணிப்படி மாதிரி. கால்குலஸ் ஒன்று, இரண்டு, மூன்று, அப்புறம் டிஃபரன்ஷியல் ஈக்வேஷன்ஸ். ஒன்றை முடிக்காமல் அடுத்ததில் கால் வைக்க முடியாது. பையன் முதல் பருவத்திலேயே கால்குலஸில் உட்காரும் அளவுக்குத் தயாராக இருந்தால் இரண்டு வருஷக் கணக்கு சரி. காலேஜ் அல்ஜீப்ராவிலிருந்தோ ப்ரீகால்குலஸிலிருந்தோ ஆரம்பித்தால், மூன்று வருஷம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். 2015 முதல் இந்த மாநிலத்தில் கணக்கில் பின்தங்கியவர்களைத் தனி வகுப்பில் காக்க வைக்காமல், வழக்கமான பாடத்தோடு சேர்த்தே துணை வகுப்பு தருகிறார்கள். அது நல்ல சீர்திருத்தம், என் வகுப்பிலேயே பலனைப் பார்த்தேன். ஆனாலும் ஏணியின் படிகளை அது குறைக்காது. உங்கள் மகனுக்குக் கணக்கு வரும் என்று எழுதியிருந்தீர்கள். எந்தக் கணக்கு, எந்த வகுப்பு வரை என்று எழுதவில்லை. அதை எனக்கு எழுதுங்கள், அதுவே பாதி பதில்.

மூன்றாவது, வழியில் இறங்கிவிடுவோர். நாடு முழுக்க, கம்யூனிட்டி காலேஜில் சேருவோரில் பெரும்பான்மையோர் இளங்கலைப் பட்டம் வாங்கும் ஆசையோடுதான் வருகிறார்கள். ஆறு வருஷத்துக்குள் அதை வாங்குவோர் நூற்றுக்கு 16 பேர் என்று 2024-இல் வந்த தேசிய ஆய்வு சொல்கிறது. பிள்ளைகள் சோம்பேறிகள் என்பதால் இல்லை. வேலை, வண்டி ரிப்பேர், வீட்டில் யாருக்காவது உடம்பு முடியாமல் போவது, எந்தப் பாடம் எதற்கு என்று தெரியாமல் எடுத்துத் தள்ளுவது. கடைசியாகச் சொன்னதுதான் தடுக்கக்கூடியது. என்ன படிக்கப்போகிறோம் என்று தெரியாமல், "காலேஜ் போகிறான்" என்று சொல்லிக்கொள்வதற்காக மட்டும் ஒரு பிள்ளையைக் கம்யூனிட்டி காலேஜில் சேர்ப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன், சம்பளம் தரும் இடமாகவே இருந்தாலும்.

பணத்தைப் பற்றிப் பேசலாம். இந்த விஷயத்தில் டென்னசிக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். அன்றைய கவர்னர் பில் ஹாஸ்லம் 2014-இல் கொண்டுவந்த டென்னசி ப்ராமிஸ் திட்டம் கம்யூனிட்டி காலேஜ், டீகேட் இரண்டுக்குமே பொருந்தும். லாட்டரிப் பணத்திலிருந்து வருகிறது. மத்திய அரசின் பெல் கிராண்ட்டும் மற்ற உதவிகளும் போக, கல்விக் கட்டணத்தில் என்ன மிச்சமோ அதை மாநிலம் கட்டிவிடும். பெல் கிராண்ட் 2025-26-க்கு அதிகபட்சம் 7,395 டாலர். குடும்ப வருமானத்தைப் பொறுத்து அது முழுதாகக் கிடைத்தால், கட்டணம் போக மீதி மாணவன் கைக்கே வரும். அதில் கருவிகள், புத்தகம், பெட்ரோல். ப்ராமிஸ் கருவிகளுக்குத் தராது என்பதை நினைவில் வையுங்கள், ஏ.சி. வேலைக்கான கருவிப் பெட்டி லேசான செலவில்லை. நிபந்தனைகள் கடினமில்லை, ஆனால் தேதி கறார்: ஒவ்வொரு வருஷமும் நவம்பர் 1-க்குள் விண்ணப்பம், பிறகு மத்திய அரசு உதவிக்கான ஃபாஃப்சா படிவம், வழிகாட்டிக் கூட்டம், ஒவ்வொரு பருவத்துக்கும் முன்னால் 8 மணி நேரச் சமூக சேவை. சமூக சேவைக்கு நம் பிள்ளைகள் பலர் நாஷ்வில் கணேசர் கோயிலில் அன்னதானத்துக்குப் போகலாமா என்று கேட்கிறார்கள். எது கணக்கில் சேரும் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

கிரீன் கார்டு போன வருஷம் வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். நல்ல நேரத்தில் வந்திருக்கிறது. பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த ஹெச்-4 விசாவில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஃபாஃப்சா வழியாக வரும் உதவியும் கிடையாது, ப்ராமிஸும் கிடையாது. அவர்கள் இரண்டு வகைக் கல்லூரியிலும் படிக்கலாம், ஆனால் வேலை செய்யக் கூடாது. 21 வயதானால் அந்த விசா தானாகப் போய்விடும். அப்போது மாணவர் விசாவுக்கு மாற வேண்டியிருக்கும், அங்கே இந்த இரண்டு படிப்பும் இரண்டு உலகமாகிவிடும். பட்டப்படிப்புக்கு எஃப்-1, தொழிற்பயிற்சிக்கு எம்-1. எஃப்-1 மாணவர் அசோசியேட் பட்டத்துக்குப் பின் ஒரு வருஷம் வரை வேலைப் பயிற்சி பெறலாம். எம்-1-க்கு அதிகபட்சம் ஆறு மாதம். எம்-1-இலிருந்து எஃப்-1-க்கு இந்த நாட்டுக்குள் இருந்துகொண்டே மாறவும் முடியாது. கிரீன் கார்டு வரிசையில் காத்திருக்கும் குடும்பங்கள் இதைப் படித்தால், கையெழுத்துப் போடுமுன் ஒரு குடியேற்ற வக்கீலிடம் கேட்டுவிடுங்கள். பிள்ளையின் விருப்பம் ஒரு பக்கம், சட்டம் இன்னொரு பக்கம் என்று ஆகிவிடும் கொடுமை அது.

இன்னொரு எச்சரிக்கை. டெக்னிக்கல் ஸ்கூல் என்ற பெயரில் டிவியில் விளம்பரம் செய்யும் தனியார் நிறுவனங்கள் உண்டு. நல்லவையும் இருக்கின்றன. என் சித்தப்பா மகன் வேறொரு மாநிலத்தில் அப்படி ஒன்றில் சேர்ந்தான். போனில் பேசிய அம்மையார் அவ்வளவு அன்பாகப் பேசினார், மூன்று நாளில் கடன் பத்திரத்தில் கையெழுத்தாகிவிட்டது. படிப்பு முடிந்து கம்யூனிட்டி காலேஜுக்குப் போனபோது அவன் கிரெடிட்டில் ஒன்றுகூட ஏற்கவில்லை. கடன் மட்டும் எட்டு வருஷம் கூடவே வந்தது. அவன் அதைப் பற்றி இப்போதும் பேச மாட்டான். நாட்டளவில் நடந்ததும் பொதுப் பதிவில் இருக்கிறது. கொரிந்தியன் காலேஜஸ் 2015-இலும் ஐ.டி.டி. டெக் 2016-இலும் திடீரென்று மூடப்பட்டன. படிப்பு பாதியில் நின்றவர்கள் ஆயிரக்கணக்கில். அவற்றில் படித்தவர்களின் மத்தியக் கடன்களை அரசு 2022-இல்தான் மொத்தமாகத் தள்ளுபடி செய்தது. மத்திய அரசின் தணிக்கை அலுவலகம் 2017-இல் சொன்ன கணக்கு: அரசுக் கல்லூரியிலிருந்து இன்னொரு அரசுக் கல்லூரிக்கு மாறியவர்கள் சராசரியாக 37 சதவீதக் கிரெடிட்டை இழந்தார்கள். லாப நோக்குத் தனியார் கல்லூரியிலிருந்து அரசுக் கல்லூரிக்கு வந்தவர்கள் இழந்தது 94 சதவீதம். பக்கத்தில் அரசு டீகேட் இருக்கும்போது, காத்திருப்போர் பட்டியல் நீளம் என்ற ஒரே காரணத்துக்காகத் தனியாரிடம் ஓடாதீர்கள். காத்திருப்புப் பட்டியல் உண்மையில் உண்டு, பெயரைச் சீக்கிரமே கொடுத்து வையுங்கள். போகும் இடம் எதுவானாலும் மூன்று எண்களைக் கேளுங்கள்: சேர்ந்தவர்களில் எத்தனை பேர் முடித்தார்கள், முடித்தவர்களில் எத்தனை பேர் அதே தொழிலில் வேலையில் இருக்கிறார்கள், லைசன்ஸ் தேர்வில் எத்தனை பேர் தேறினார்கள். டீகேட்டுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பு இந்த மூன்றையும் வருஷா வருஷம் கேட்டு வாங்குகிறது, அதனால் அவர்களிடம் பதில் தயாராக இருக்கும்.

இப்போது டீகேட்டிலிருந்து திரும்பும் கதவு. உங்கள் வீட்டுக்காரரின் பயம் இதுதான் என்று நினைக்கிறேன்: பையன் இன்று டிப்ளமா வாங்கிவிட்டு, இருபத்தைந்து வயதில் இன்ஜினியராக ஆசைப்பட்டால் என்ன செய்வது? நியாயமான பயம். டீகேட்டின் மணிகள் கிரெடிட்டாக நேரடியாக மாறாது. கம்யூனிட்டி காலேஜ்களில் ஜெனரல் டெக்னாலஜி என்ற அப்ளைடு சயன்ஸ் பட்டத்துக்கு டீகேட் டிப்ளமாவுக்காக 30 கிரெடிட் வரை தருகிறார்கள். பாதிப் பட்டம் அது. மேற்பார்வை வேலைக்கும் சொந்தத் தொழிலுக்கும் அது போதும். ஆனால் மேலே சொன்னேனே, அப்ளைடு சயன்ஸ் பட்டம் இன்ஜினியரிங் பக்கம் திறக்காது. இன்ஜினியராக வேண்டுமானால் கால்குலஸ் ஏணியில் முதல் படியிலிருந்து ஏற வேண்டும். அந்த வயதில் ஏற முடியாதா என்றால், முடியும். 2018 முதல் ரீகனெக்ட் திட்டத்தில், பட்டம் எதுவும் வாங்காத வயது வந்தவர்களுக்குக் கம்யூனிட்டி காலேஜ் கட்டணத்தை மாநிலமே கட்டுகிறது. டீகேட் டிப்ளமா பட்டமாகக் கருதப்படுவதில்லை. என் வகுப்பு வெல்டர் அப்படி வந்தவர்தான். இரண்டு வேலைக்கு நடுவில், இரவு ஒன்பதரை மணிக்கு, ஒருவர் டெரிவேட்டிவ் கண்டுபிடிக்கும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

என் கருத்தைக் கேட்டிருக்கிறீர்கள். சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். நீங்கள் விவரித்த பையனை நான் டீகேட்டுக்கு அனுப்புவேன். காரணம் கெப்பாசிட்டர் இல்லை, அது யூட்யூப் பார்த்தும் செய்யலாம். கடிதத்தில் நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒன்று: மாற்றிய பிறகு அவன் மறுநாள் முழுக்க அந்தப் பழைய கெப்பாசிட்டரை மேசையில் வைத்துக்கொண்டு, அது ஏன் உப்பியது என்று தேடினான் என்கிறீர்கள். அந்தக் குணத்துக்குப் பட்டறையிலும் தீனி உண்டு, பிற்பாடு கால்குலஸிலும் தீனி உண்டு. ஆனால் இப்போது, பதினேழு வயதில், அவனை இரண்டு வருஷம் என் போன்றவர்களின் வகுப்பில் உட்கார வைத்தால் அது பட்டினி கிடக்கும் என்று பயப்படுகிறேன். கட்டுரை எழுதச் சொன்னால் மூன்று நாள் தள்ளிப்போடுகிறான் என்றும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

ஒரு விதிவிலக்கு. அவன் "ஏன் உப்பியது" என்று தேடியபோது, சூத்திரத்தைத் தேடினானா, இன்னொரு கெப்பாசிட்டரை உடைத்துப் பார்த்தானா? சூத்திரத்தைத் தேடி, அது புரிந்து சந்தோஷப்பட்டான் என்றால், உங்கள் வீட்டுக்காரர் சொல்வதே சரியாக இருக்கலாம். அந்த வித்தியாசத்தைத் தகப்பனும் தாயும்தான் பார்க்க முடியும், தூரத்திலிருந்து நான் பார்க்க முடியாது.

ஊகத்தில் விடவும் வேண்டாம். ஹைஸ்கூலில் இருக்கும்போதே மாநிலத்தின் டூயல் என்ரோல்மென்ட் உதவித்தொகையில் டீகேட் பாடமோ கம்யூனிட்டி காலேஜ் பாடமோ எடுக்கலாம். ஜனவரியில் ஆரம்பிக்கும் பருவத்துக்கு அவன் பள்ளியில் இடமிருக்கிறதா என்று கவுன்சிலரிடம் நாளைக்கே கேளுங்கள். இடமில்லையென்றால், ஒரு நாள் லீவு போட்டு அவனை இரண்டு இடத்துக்கும் கூட்டிப் போங்கள். திறந்த நாள் என்று பலூன் கட்டி வைத்திருக்கும் நாளில் போகாதீர்கள், ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை போங்கள். காலை எட்டு மணிக்குப் பட்டறை, மத்தியானம் ஒரு ப்ரீகால்குலஸ் வகுப்பு. முன்கூட்டிக் கேட்டால் உட்கார விடுவார்கள். உங்கள் வீட்டுக்காரரையும் கட்டாயம் அழைத்துப் போங்கள். அவர் வீட்டிலிருந்து முடிவு சொல்லக் கூடாது, பட்டறை வாசனையை அவரும் முகர வேண்டும்.

நீங்கள் கேட்காத மூன்றாவது வழி ஒன்றும் உண்டு, பதிவு செய்யப்பட்ட அப்ரன்டிஸ் பயிற்சி. 1937 சட்டத்திலிருந்து வருவது. முதல் நாளிலிருந்தே சம்பளம், கூடவே வகுப்பு. எலக்ட்ரீஷியனுக்கு நாலு அல்லது ஐந்து வருஷம். ஏ.சி. தொழிலிலும் சில ஊர்களில் இருக்கிறது. டீகேட்டில் கேட்டால் பக்கத்தில் யார் நடத்துகிறார்கள் என்று சொல்வார்கள்.

ஊரில் கேட்பவர்களுக்கு என்ன சொல்வது என்றுதானே கடைசியில் கேட்டீர்கள். அவன் என்ன படிக்கிறானோ அதன் பெயரை அப்படியே சொல்லுங்கள். என் தாய்மாமாவுக்கு நாங்கள் செய்யாதது அது.

நவம்பர் 1-க்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. எந்தக் கல்லூரி என்று வீட்டில் சண்டை முடியாவிட்டாலும் ப்ராமிஸ் விண்ணப்பத்தை இந்த ஞாயிற்றுக்கிழமையே போட்டுவிடுங்கள், இரண்டுக்கும் ஒரே விண்ணப்பம்தான். தேதி தவறினால் ஒன்றும் செய்ய முடியாது. செவ்வாய்க்கிழமைப் பயணம் முடிந்ததும் எழுதுங்கள். அவன் கணக்கு வகுப்பின் பெயரை மறக்காமல் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்